ஒருநாள் விருந்தினரும் ஊரின் உண்மையும்

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. இத்தகைய கப்பலிற் செல்வோர் காலையிற் கரையிறங்கிக் கோயிலொன்றையும் கோட்டையொன்றையும் கண்டு மாலையில் மீள்வர். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் பெருங்கப்பல்களுக்கு இடந்தராது. எனினும் அப்பயணி எழுப்பும் வினா இவ்வூருக்கும் உரியதே. ஓர் ஊரை ஒரு பகலில் அறிதல் கூடுமா?

கூடாது என்பதே பொதுவாகத் தரப்படும் விடை. நெடுங்காலம் வாழ்ந்தவனே ஊரை அறிவான் என்பர். ஆயின், இவ்வாவிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் பாடுமீனின் ஓசையை ஒருமுறையேனும் கேளாதோர் பலர். மாறாக, வெளியிலிருந்து வந்த ஒருவர் அதனை ஓரிரவிற் கேட்டார். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகவிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் என்பாரே அவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவர், நிலவொளியிற் கோட்டையருகே ஓடத்திற் சென்றார். ஓடத்தின் மரத்திலே செவியை வைத்தபொழுது ஓசை மேலும் பெருகக் கண்டார். அதற்கு முன் மீனவரிடம் வினவியிருந்தார். அவர்கள் அதனை மீனின் பாட்டென்று கூறவில்லை; ‘ஊரி’ என்னும் சிப்பியினத்தின் கதறல் என்றனர். அப்பெயரை அவர்தம் நாவில் வழங்கியவாறே தமது நூலிலும் பதிந்துவைத்தார். ‘மீன்பாடும் தேனாடு’ எனப் பெருமிதங்கொள்ளும் நாம் மறந்துவிட்ட பெயர் அந்நியரின் ஏட்டில் எஞ்சியிருக்கிறது!

ஆகவே காலத்தின் குறுமையைக் குற்றமென்றல் பொருந்தாது. கேட்கத் தெரிந்தவனுக்கு ஓரிரவும் போதும்.

ஆனால் எதனைக் கேட்பது? அதே செப்டெம்பரில் கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் நடைமுறையிலிருந்தது. புதிய வரிகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டு, ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவ்வரிகளை விதித்த அரசின் உயர் அதிகாரி ரெனன்ற். நீரடியில் ஒலித்த நுண்ணோசையை ஓடத்தின் மரத்திலே செவிசாய்த்துக் கேட்டவர், மலைநாட்டு மாந்தரின் முறையீட்டிற்கு அவ்வாறு செவிசாய்த்தாரல்லர். அவரது செவியிற் பழுதில்லை. இன்பந்தருவதை மாத்திரம் தெரிந்தெடுக்கும் உரிமை தமக்குண்டு எனக் கொண்டதிலேயே பழுது உளது. வழிப்போக்கனின் நோக்கிற்கு இயல்பாகவே வாய்க்கும் சலுகை அது. கண்டதன் விளைவை அவன் சுமக்க வேண்டியதில்லை, கப்பல் காத்திருக்கிறது.

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்றொரு பேச்சு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. மந்திரம் என்று அஞ்சுவோரும் உளர். விருந்தோம்பலின் மிகுதி என்று நகைப்போரும் உளர். எவ்வாறாயினும், பாயோடு ஒட்டியவனுக்குத் தப்புதல் இல்லை. மாரி வெள்ளம் வளவுக்குள் ஏறும்போது அவனும் மூட்டை தூக்க வேண்டும். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். பாயோ அப்புதுமையை விரைவில் தேய்த்துவிடுகிறது. தேய்ந்தபின் எஞ்சுவதே உறவு. ஒருநாள் விருந்தினனிடம் இதனை எதிர்பார்த்தல் தகாது. ஆயினும், தான் பெறாத ஒன்று உண்டு என்பதையாவது அவன் உணர்தல் வேண்டும்.

பாசிக்குடாவை நோக்குக. 1970களில் அங்கே உல்லாச விடுதிகள் எழுந்தன. போர் அவற்றை அழித்தது. 2009இன் பின்னர் முன்னினும் பெரியனவாக மீண்டும் எழுந்தன. மீனவர் படகு இழுத்த கரை சுருங்கிற்று. இன்று வருகின்ற பயணி வெறுமையான வெண்மணலைக் கண்டு வியக்கிறான். அவ்வெறுமை இயற்கையின் கொடை என்றே கருதுகிறான். அவன் பொய் காணவில்லை, மணல் வெண்மையானதுதான். படகுகள் முன்னர் எங்கே நின்றன என்று வினவின், விடைசொல்வோர் கல்குடாவில் இன்னும் உளர்.