கையில் இருந்த மண்



இன்று வாசித்த யோவான் நற்செய்தியில் ஒரு சிறுவன் வருகிறான். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், அவ்வளவுதான். இயேசுவைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்து, இத்தனை பேருக்கு இது எந்த மூலைக்கு என்று சீடர் அந்திரேயாவே தயங்குகிறார். சிறுவன் பேசியதாக யோவான் ஒரு சொல்கூட எழுதவில்லை.

கொஞ்சம் பெருகிய கதை இன்னொன்றும் உண்டு. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரெத்தான் மக்கள் வாழும் கெம்பேர் என்ற ஊருக்கு முதல் ஆயர் புனித கொரந்தின். தவ வாழ்வு வாழ்ந்த நாளில், ஊற்றில் இருந்த ஒரே மீனில் தினம் ஒரு துண்டு அறுத்துக்கொள்வாராம். மறுநாள் அது முழு மீனாக நீந்துமாம். அந்த மக்கள் வழிவழியாகச் சொல்வது இது. அவர் பெயரில் 13-ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய கோதிக் பேராலயத்துக்கு, வானைத் தொடும் இரட்டைக் கூம்புகள் 1850-களில்தான் வந்தன. அதற்கு விசுவாசிகள் தலைக்கு ஆண்டுக்கு ஒரு சில்லறைக் காசு கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு கொடுத்தார்கள்.

இப்போது நம் வைகைக் கரைக்கு வாருங்கள். மானாமதுரை போகிற வழியில் இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயம். உங்களில் பலர் திருப்பயணம் போயிருப்பீர்கள். 1894-இல் பிரெஞ்சு இயேசு சபைக் குரு ஃபெர்டினாந்து செல் அடிகளார் கட்டியது. அவர் மனத்தில் இருந்த மாதிரி ரெய்ம்ஸ் பேராலயம். அது 1211-இல் தொடங்கிய கற்கோயில். இங்கே கையில் இருந்தது மண்தான். அந்த மண்ணை மிதித்து, தூணின் வளைவுக்கு ஓர் அச்சு, சன்னலின் முனைக்கு வேறோர் அச்சு என்று விதவிதமாகச் செங்கல் அறுத்து, காயவைத்து, சுட்டு எடுத்தார்கள். வளைவுக்கு அறுத்த கல்லைச் சுவரில் வைக்க முடியாது. சுவர்க்கல் வளைவுக்கு உதவாது.

செங்கல் சுடுகிற சூளையை நம் பக்கம் காளவாசல் என்றுதானே சொல்கிறோம்! நம் ஊரின் பெயரே அது. பச்சைக்கல் பார்க்க அழகாக இருக்கும். மழை பெய்தால் கரைந்துவிடும். வெந்த கல்தான் நிற்கும். கடன், நோய், பிள்ளையின் இழப்பு என்று நெருப்பில் கிடந்தவர்கள் இந்தப் பெஞ்சுகளிலும் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். அவர்கள்தான் என்னிடம், “சாமி, கோயிலுக்குக் கொடுக்க எங்ககிட்ட என்ன இருக்கு?” என்று கேட்கிறார்கள். கேட்கும்போது மனசு வலிக்கிறது. அப்படிக் கேட்ட ஒருவரின் கை, பக்கத்து வீட்டு நோயாளிக்கு மூன்று மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்த கை!

ஒருமுறை இடைக்காட்டூருக்கு என்னோடு ஒரு பாட்டி வந்தார். சிறுவயது முதல் செங்கல் அறுத்தவர். எல்லாரும் பீடத்தைப் பார்த்து முழந்தாளிட, அவர் மட்டும் தலையை அண்ணாந்து வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்குன்னு தனியா அச்சு செஞ்சிருக்காக சாமி. அறுத்தவ கையி எம்புட்டு நொந்திருக்கும்” என்றார். பிறகுதான் முழந்தாளிட்டார்.