இடக்கைச் சோறு

தண்ணீர்மலையிலுள்ள நம் சகோதரர் ஒருவர் பாரிசவாயு கண்டு, அல்லாஹ்வின் அருளால் பிழைத்தெழுந்தார். தடியூன்றி நடக்கிறார். ஆனால் விருந்துகளுக்கு மட்டும் வருவதில்லை. காரணம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வலக்கை விழுந்துவிட்டது, சஹனில் மற்றவர்களோடு அமர்ந்து இடக்கையை எப்படி நீட்டுவது என்பதே அவர் வேதனை.

மூளையின் இடப்பாகத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ உடலின் வலப்பாகம் தளரும். பலருக்குப் பேச்சும் குழறும். பேச்சுக் குழறினால் புத்தியும் போயிற்றென்று கருதி, அவரை வைத்துக்கொண்டே அவரைப்பற்றிப் பேசுவோர் நம்மிடையே உண்டு. அவருக்கு எல்லாம் கேட்கிறது.

மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தொழுகைக்கே இத்தனை இடமிருக்கச் சோற்றுக்கு இல்லையா? வலக்கையால் உண்பது இயன்றவருக்குரிய ஒழுக்கம். இயலாதவர்மீது குற்றமில்லை. குற்றம் உற்றுப்பார்க்கும் நம் கண்ணில் இருக்கிறது.

வீட்டில் வேறு சங்கடம். மனைவி ஊட்டிவிடுகிறார், மகன் சட்டை மாட்டுகிறான். அன்புதான், யார் மறுப்பார்? ஆயினும் தளர்ந்த கை பழகப் பழகத்தான் தேறும் என்கிறார்கள் வைத்தியர்கள். அவர் செய்யக்கூடியதை நாம் முந்திக்கொண்டு செய்தால், மிஞ்சியிருப்பதையும் பறித்தவராகிறோம். அதற்காக அந்த மனைவியைக் குறைகூற நாம் துணியோம். அவர் ஒரு பிடி உண்ணக் காத்திருந்தால் கடைக்கு நேரமாகிவிடும், காலையில் ஊட்டட்டும். இரவில் தட்டு வழுக்காதபடி அடியில் ஈரத்துணி விரித்து, பிடி தடித்த கரண்டி கொடுத்து, சோறு சிந்தினாலும் பேசாமல் பக்கத்தில் இருக்கட்டும். பேசாமலிருப்பதுதான் கடினம்.

1996ல் மலேசியாவில் பக்கவாதம் கண்டோருக்கான தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்த ஜேனட் இயோ அம்மையாரே அந்நோய் கண்டு மீண்டவர். பினாங்கிலும் அச்சங்கத்தின் நிலையம் உண்டு. கைகால்களை மீண்டும் பழக்குவதோடு, தம்மைப் போன்றவரை அங்கே காணலாமே! வீட்டில் அடைந்து கிடப்பவருக்கு அதுவும் ஒரு மருந்து.

வரும் கல்யாண விருந்தில் நம் சகோதரருக்குத் தனித்தட்டு வைக்கலாமா என்று வீட்டார் நம்மிடம் கேட்டனர். அவரிடமே கேளுங்கள் என்றோம். கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல அவருக்குச் சற்று நேரமாகும், காத்திருக்கிறோம்.