கடமைக்கு நேரம் எங்கே?

பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது. அவர்களைப் பராமரிப்பதும் அவர்தம் தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமையும் பொறுப்புமாகும் என்று இலங்கையின் சட்டமொன்று விதிக்கிறது. முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 2000 ஆம் ஆண்டில் நிறைவேறிய 9 ஆம் இலக்கச் சட்டம் அது. நல்ல சட்டம், மறுப்பார் எவருமிலர். ஆனால், கடமையைச் செய்வதற்கு அன்பு மட்டும் போதுமா? நேரம் வேண்டாமா? உழைப்பவனின் நேரமோ விற்கப்பட்ட பொருள். விற்றுவிட்ட பொருளிலிருந்து கடமையை எவ்வாறு அளந்து கொடுப்பது?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றை எடுத்துக்கொள்வோம். தமிழரும் பறங்கியரும் அயலயலே வாழும் உழைப்பாளர் ஊர். நகரத்துக் கடைகளும் அலுவலகங்களும், துறைமுகமும், சீனக்குடாவின் மா ஆலையும் இத்தகைய ஊர்களின் உழைப்பிலேயே இயங்குகின்றன. இங்கு, நகரத்துக் கடையொன்றில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்வோம். தாய் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடக்கிறாள். அண்ணன்மார் கனடாவில்; காசு வருகிறது. காசு தாயைப் புரட்டிப் படுக்கவைக்குமா? விடியுமுன் எழுந்து, தாயைத் துடைத்து, உடைமாற்றி, கஞ்சி பருக்கி, பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘ஒருக்கால் எட்டிப் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறுகிறாள். உடல் கடையில் நிற்க, காது வீட்டில் இருக்கிறது. கிளினிக் நாளென்றால் ஆஸ்பத்திரி வரிசையில் காலை முழுவதும் போகும். கொழும்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலோ, 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். போக, வர, காத்திருக்க என இரண்டு நாள் குறையாது.

அவளுக்குச் சட்டம் அளித்திருப்பதென்ன? 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டில் 7 நாள் கசுவல் லீவு; 14 நாள் வருடாந்த லீவு. அவளுக்கே காய்ச்சல் கண்டாலும் அந்த 7 நாளில்தான் கழியும். மாதம் ஒரு கிளினிக் என்றால் 12 நாள் போயிற்று. ஓய்வுக்கென்று தரப்பட்ட நாட்களை நோயாளியின் கட்டிலருகே கழிப்பதற்கு ஓய்வு என்று பெயரிடுதல் தகுமா? இதுவும் ஓரளவு பாக்கியவதியின் கதை. நாட்கூலிக்குப் போகிறவனுக்கு லீவு என்ற சொல்லே இல்லை. தாயோடு இருந்த நாள் அடுப்பெரியாத நாள்.

நம் சமூகம் இவளுக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறது: தியாகி. ‘அவளைப் போல ஒரு பிள்ளை உண்டா?’ என்று ஊரே போற்றும். அவள் திருமணம் தள்ளிப்போனதையும், வேலை பறிபோனதையும் அந்தப் புகழ்ச்சியைக் கொண்டே மூடிவிடுவோம். ஒருவரை வியந்து பாராட்டுவதற்குச் செலவில்லை. பலர் சேர்ந்து சுமக்கவேண்டியதை ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு அறம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஏற்கவியலாது. ஆண்மக்கள் இப்புகழ்ச்சியில் பங்கு கேட்பதில்லை என்பதையும் கவனிக்க.

முதலாளி கேட்பார்: மூன்று பேர் வேலை செய்யும் சிறு கடை, ஒருவர் போனால் நான் என்ன செய்வேன்? நியாயமான கேள்வியே. அதனாற்றான் அச்சுமையைத் தனியொரு கடைக்காரர் மீது சுமத்தலாகாது என்கிறோம். 1939 இல் பிரசவகாலச் சகாய நன்மைகள் சட்டமானபோதே, பிள்ளைப்பேறு வீட்டுக்குள் அடங்கிய விடயமன்று என்பதை நாடு ஒப்புக்கொண்டது. மூன்றாம் பிள்ளைக்கு அரைப்பங்கு விடுமுறையே என்றிருந்த பாகுபாடும் 2018 இல் நீங்கி, எப்பிரசவத்துக்கும் 84 நாள் என்றாயிற்று. ஆயினும் செலவு முழுவதும் வேலைகொள்வோர் தலையில் விழுவதால், பெண்களை வேலைக்கெடுக்கத் தயங்குவோர் தோன்றினர். பராமரிப்பு விடுமுறையைப் பெண்ணுக்கு மட்டும் கொடுத்தாலும் இதே கதிதான். இருபாலாருக்கும் வேண்டும், பொது நிதியிலிருந்து வேண்டும். முதுமைக்கென ஊழியர் சேமலாப நிதியை 1958 இல் உண்டாக்கி, இன்று ஊழியர் 8 வீதமும் வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்துகிற நாட்டுக்கு இது புதுமையான கணக்கா?

உலகம் இதனை எண்ணாமலில்லை. குடும்பப் பொறுப்பைக் காரணங்காட்டி ஒருவரை வேலையினின்று நீக்கலாகாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 156 ஆம் சமவாயம் 1981 இலேயே கூறியது. பிள்ளைகள் மட்டுமன்றி, பராமரிப்பை வேண்டிநிற்கும் ஏனைய நெருங்கிய உறவினரும் அதில் அடங்குவர். யப்பானில் பராமரிப்புக்குரிய உறவினர் ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுமுறை எடுக்கலாம். ஊதியத்தின் பெரும்பங்கு வேலையின்மைக் காப்புறுதியிலிருந்து கிடைக்கிறது. பிரித்தானியா 2023 இல் இயற்றிய சட்டத்தில் ஆண்டுக்கு ஒரு வாரம் தந்தது, ஆனால் சம்பளமில்லை. அன்றன்று உழைத்துண்பவருக்குச் சம்பளமில்லாத விடுமுறையினால் என்ன பயன்?

நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் சம்பள உயர்வு முதலிடம் பெறுகிறது, பெறவேண்டியதே. ஆயினும் துறைமுகத்திலும் ஆலையிலும் கடையிலும் தொழிலாளர் ஏற்கனவே தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்கின்றனர். தந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனின் முறைக்கு மற்றவன் நிற்கிறான். பிறகு இவன் அவனுக்காக நிற்கிறான். மேற்பார்வையாளர் கண்டும் காணாதிருந்தால் நடக்கும், இல்லையேல் இல்லை. ஒருவரது தயவில் தொங்கும் இவ்வேற்பாட்டை எழுத்தில் வடித்து, முறை மாற்றிக்கொள்ளும் உரிமையென அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாகச் சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூடும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.