செம்பில் கீறிய சித்திரம்

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1889-ஆம் ஆண்டில் ஆக்கிய சிறு சித்திரம் ஒன்றில், அவர் வரைந்துகொண்டிருக்க, பத்துப் பிராயம் நிரம்பிய புதல்வி ஜூலி, பிற்காலத்தில் தானும் தூரிகை ஏந்தியவள், அருகே சாய்ந்து அதைக் கூர்ந்து நோக்குகிறாள். வேறு சம்பவம் எதுவும் அதில் இல்லை. அமிலத்தின் சகாயமின்றிச் செப்புத் தகட்டின்மேல் கூரிய ஊசியால் நேரே கீறிச் செல்லும் டிரைபாயிண்ட் முறையில் அது அமைந்தது. ஊசி உழுத சாலின் ஓரத்தில் உலோகம் மெல்லிய பிசிராக எழுந்து நின்று மையை ஏந்திக்கொள்வதனாலேயே, காகிதத்தில் பதியும் கோடு வெல்வெட்டின் மிருதுத்தன்மையைப் பெறுகிறது. ஆனால் அச்சுப்பொறியின் பாரம் ஒவ்வொரு முறையும் அப்பிசிரை நசுக்குவதால், சில பிரதிகளுக்குப் பின்னர் அந்தச் சௌந்தரியம் மங்கத் தொடங்கிவிடும். யுத்தங்களையும் புராண சரித்திரங்களையும் தீட்டுவதே உன்னதக் கலையென்று பாரிஸ் கலைக்கழகம் நெடுங்காலம் போதித்து வந்த நூற்றாண்டில், தாயின் விரலசைவைக் குழந்தை பார்த்திருக்கும் ஒரு கணத்தை, பிழை திருத்த எளிதில் இடந்தராத செம்பின்மேல் துணிந்து கீறிய அவருடைய உறுதியை, அக்காலத்துப் பிரம்மாண்டமான போர்ச்சித்திரங்கள் பலவற்றினும் மேலானதாக நான் போற்றுகிறேன்.