கைவிடாத அன்பு



பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த நாய் ஒன்று இறந்துவிடுகிறது. வாசலில் காலடி ஓசை கேட்டதும் ஓடிவரும் ஜீவன் இப்போது இல்லை. அது உண்ட தட்டு ஒரு மூலையில் கிடக்கிறது. வீட்டார் அழுகின்றனர், அழுததை வெளியே சொல்லக் கூசுகின்றனர். மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவர். நாய்க்காக யார் வருவார்? வருகிறவரும், "ஒரு நாய்க்கா இத்தனை வருத்தம்? வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சத்சங்கப் பழக்கம் உள்ளவர்களுக்கு மற்றொரு கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. "இத்தனை காலம் கீதை கேட்டும் ஒரு பிராணிக்காக அழுகிறேனே! இது மோகம்தானே?" என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்கின்றனர்.

தருமபுத்திரரின் மறுமொழி

மகாபாரதத்தின் 17-ஆவது பர்வமாகிய மகாபிரஸ்தானிக பர்வத்தில் இதற்கு விடை உண்டு. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அரசைத் துறந்து வடதிசை நோக்கி நடக்கின்றனர். நாய் ஒன்று உடன் வருகிறது. வழியில் திரௌபதி, சகதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என ஒவ்வொருவராக வீழ்கின்றனர். எஞ்சியவர் யுதிஷ்டிரரும் அந்த நாயும் மட்டுமே. இந்திரன் தேருடன் வந்து அவரை அழைக்கிறான். ஆனால் சுவர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான். தம்மை அண்டி வந்ததை விட்டுவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்று யுதிஷ்டிரர் மறுக்கிறார். அந்த நாய் தருமதேவதையே என்பது பிறகு வெளிப்படுகிறது.

இதுவரை அனைவரும் அறிந்த கதை. இடையில் இந்திரன் எழுப்பும் வினா ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. "தம்பியரையும் மனைவியையும் விட்டு வந்தீரே, இந்த நாயை மட்டும் ஏன் விடமாட்டீர்?" என்று அவன் கேட்கிறான். அவர்கள் இறந்துவிட்டனர், இறந்தோரை மீட்கும் ஆற்றல் தமக்கில்லை, உயிரோடு இருந்தவரை அவர்களைத் தாம் கைவிட்டதில்லை என்ற கருத்தில் யுதிஷ்டிரர் பதில் கூறுகிறார்.

துயரத்தில் இருப்போர் இந்தப் பதிலை நன்கு சிந்திக்க வேண்டும். "இன்னும் முன்னதாக மருத்துவரிடம் கொண்டு சென்றிருக்கலாமோ? இறுதி நாளில் நாம் எடுத்த முடிவு சரியா?" என்று மனம் நம்மை வாட்டுகிறது. தருமம் நம்மிடம் கேட்பது, "உயிரோடு இருந்தபோது கைவிட்டாயா?" என்பதையே. முதுமையில் கண் மங்கி, நடக்க இயலாமல் கிடந்தபோதும் அதனருகில் அமர்ந்து நீர் புகட்டியவர், செய்யவேண்டியதைச் செய்தவரே. மரணத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை.

மகான்களின் வழி

பேலூர் மடத்தில் சுவாமி விவேகானந்தர் வளர்த்த பிராணிகளுள் பாகா என்ற நாயும் ஒன்று. ஒருமுறை அது செய்த குறும்புக்காகக் கங்கையின் அக்கரையில் கொண்டுபோய் விடப்பட்டது. அதுவோ ஓடத்தில் ஏறிக்கொண்டு திரும்பிவந்து, இரவில் சுவாமிஜியின் குளியலறை வாசலிலேயே படுத்துக்கொண்டது. விடியுமுன் அங்கு வந்த சுவாமிஜி அதைத் தட்டிக்கொடுத்து, என்ன செய்தாலும் இனி அதை வெளியேற்றக் கூடாது என்று கூறிவிட்டார். 1902-இல் சுவாமிஜி மகாசமாதி அடைந்த பின்னரும் அது மடத்திலேயே வாழ்ந்தது. இறந்தபின் மடத்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

திருவண்ணாமலையில் பகவான் ரமணர் நாய்களையும் குழந்தைகளை விளிப்பதுபோலவே விளிப்பார். பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று உடல் நீத்தபோது, அதன் தலையிலும் இதயத்திலும் கைவைத்து அருகில் அமர்ந்திருந்தார். அதன் சமாதிக்கு அருகிலேயே மான், காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உள்ளன. கீதையின் 5-ஆம் அத்தியாயத்தில் கூறப்படும் சமநோக்கு, இவர்களிடம் அன்றாட நடத்தையாகவே விளங்கியது.

பரதர் இடறிய இடம்

அப்படியானால் பாகவதத்தின் 5-ஆம் ஸ்கந்தம் கூறும் பரதர் கதை எதற்கு? அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமிருந்த அவர், வெள்ளத்தில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றினார். அது கருணை, அதில் குற்றமில்லை. பின்னர் அதைப் பேணுவதிலேயே அவருடைய பூஜையும் நியமங்களும் ஒவ்வொன்றாக நழுவின. இறுதி மூச்சிலும் அதையே நினைத்தார், மானாகப் பிறந்தார்.

அவர் இடறியது அன்பினால் அன்று. அந்த மானுக்குள் இருந்த இறைவனை மறந்து, "என்னுடையது" என்ற எண்ணத்தை மட்டும் பற்றிக்கொண்டதே சறுக்கல். அன்பு ஓர் உயிரில் தொடங்கி மற்ற உயிர்களுக்கும் பரவும். பற்று ஓர் உயிரிலேயே தேங்கி நின்றுவிடும்.

நினைவைத் தொண்டாக்குவோம்

ஆகவே அழுகை வந்தால் அழுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் ஜபத்தையும் பூஜையையும் நிறுத்திவிடாதீர்கள். விளக்கேற்றும் வேளையில் அந்த ஜீவனையும் நினைந்து, அதை நமக்குத் தந்தவனிடமே ஒப்படையுங்கள். "அது எங்கே?" என்று கேட்கும் குழந்தையிடம், ஊருக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லவேண்டாம். இறந்துவிட்டது என்பதை மடியில் அமர்த்திப் பொறுமையாகச் சொல்லுங்கள். மரணத்தைப் பற்றிய முதல் பாடம் அன்போடு அமையட்டும்.

அது நாள்தோறும் உணவு உண்ட வேளை வரும்; அப்போதுதான் மனம் மிகவும் கனக்கும். அந்த வேளையில் ஒரு பிடி சோற்றைத் தெருவில் பசித்திருக்கும் ஒரு ஜீவனுக்கு வையுங்கள். வெயில் காலத்தில் வாசலில் ஒரு சட்டி நீர் வையுங்கள். இதுவரை பெயரிட்டு அழைத்த ஓர் உயிரிடம் காட்டிய அன்பு, இனிப் பெயரறியாத உயிர்களையும் சென்றடையட்டும். சொல்லறியாத ஒரு ஜீவன் எதையும் எதிர்பாராமல் அன்பு செய்வது எப்படி என்று நமக்குக் கற்றுத்தந்து சென்றிருக்கிறது. அந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டுவதே அதற்கு நாம் செலுத்தும் நன்றி.

எல்லா உயிர்களிலும் உறையும் பரம்பொருள், பிரிந்த அந்த ஜீவனுக்கு நற்கதியும் நமக்கு மனத்தெளிவும் அருள்வானாக!