மண்ணுக்குள் மாவேலி

காட்சி, கருதல் (ஊகம்), உரை (சான்றோர் சொல்) என்னும் மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, சைவ சித்தாந்தம் ஏற்கிறது. இடுக்கி மலைகளின் ஊதாத் தவளை இம்மூன்றுக்கும் நல்ல சோதனை. மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணைசேர மேலே வரும். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் கறையான் தின்று வாழும். ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து வரும் மாவேலி மன்னனைப் போல மேலே வருவதால் கேரளத்தில் அதற்கு மாவேலித் தவளை என்று பெயர்.

அதன் தலைப்பிரட்டை 1918இல் பதிவானது. வளர்ந்த தவளையை ஆய்வாளர்கள் பிஜுவும் பொசுயிட்டும் விவரித்தது 2003இல்தான். பிரட்டையைச் சமைத்து உண்ட மலைமக்களின் உரை அதற்கும் மூத்தது. அதைக் கேட்டவர்தான் குறைவு.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் முதலில் அதை ‘அருகிவரும் இனம்’ என மதிப்பிட்டது. எண்ணிப் பார்க்க முடியாத உயிருக்கு அம்முடிவும் பெரிதும் கருதலே. புகை கண்டு நெருப்பை அறிவது கருதலுக்கு எடுத்துக்காட்டு: ஏலம், காப்பித் தோட்டங்களான காடும் தடுப்பணை எழுந்த ஓடையும் அங்கே புகை. குறையும் தவளை, நெருப்பு. தவளை இருப்பதைக் கருத உதவும் ஏது (காரணம்), மண்ணடியிலிருந்து எழும் ஆண் தவளையின் குரல்.