இழப்பீடு கொடுத்தால் கடமை தீர்ந்துவிடுமா?



உங்கள் பட்டறை இயந்திரத்தில் சிக்கி ஒருவர் விரல்களை இழக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவும் இழப்பீடும் கொடுத்துவிடுகிறீர்கள். காயம் ஆறித் திரும்பி வந்தவரிடம், "இனி இந்த வேலை உங்களுக்கு ஆகாது" என்கிறீர்கள். கடமை தீர்ந்ததா?

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். ஸுப்ஹு பாங்குக்கோ கிழக்கு வெளுப்பதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் அந்தப் பாங்கைச் சொன்னவர் அவர்களே. நேரமாகிவிட்டதென்று மக்கள் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. கண் உள்ளவர்கள் துணை நின்றார்கள். பொறுப்பு அவர்களிடமே இருந்தது.

பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக்கூடாது, தேவையானால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. "நான் தனியார் முதலாளி" என்று அந்தப் பிரிவிலிருந்து விலகிக்கொள்ளலாம். மறுமையில் அல்லாஹ் கேட்டால்?

சரக்கு எண்ண, கணக்கெழுத, புதியவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க அவரை அமர்த்துங்கள். முதலில் அரை நாள், தேறியதும் முழு நாள். இழப்பீட்டுப் பணம் ஒருநாள் தீர்ந்துவிடும். உழைத்து உண்ணும் கண்ணியத்தை அவரிடமிருந்து நாம் பறிக்கக்கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.